பள்ளி நூலகத்தில் பணம், போன், மருந்து: சொல்லித் தர எந்த வழி நல்லது?

“வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது சார். டிஜிட்டல், பணம், உடல்நலம் மூன்றையும் அதில் சொல்லித் தரலாம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். தனி அலமாரி வைத்தால் போதுமா, நாமே பாடமாக நடத்த வேண்டுமா, பேங்க்கிலிருந்து யாரையாவது கூப்பிடலாமா?”

போன மாதம் மட்டும் மூன்று ஆசிரியர்கள் என்னிடம் இதையே கேட்டார்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். நம் பள்ளிகள் பலவற்றில் தனி நூலகர் கிடையாது. அந்தப் பொறுப்பும் ஓர் ஆசிரியர் தலையில்தான் வரும். எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அலமாரி, பாடம், வெளியாட்கள், கேள்விப் பெட்டி என்று நான்கு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண். அவளுடைய அப்பாவுக்கு, ‘உங்கள் பெண்ணுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது’ என்று ஓர் அழைப்பு வந்தது. பள்ளியின் பெயர், வகுப்பு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள். ஒரு கியூஆர் கோடும் அனுப்பினார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போனை வாங்கி ஸ்கேன் செய்தது அந்தப் பெண்தான். பணம் அனுப்ப அழுத்தும் ரகசிய எண்ணான பின் (PIN) நம்பரை அப்பாவிடம் கேட்டுப் போட்டதும் அவள்தான். 7,500 ரூபாய் போய்விட்டது. எங்கள் நூலகத்தில் அதிகப் புத்தகம் எடுத்துப் படிக்கிற மூன்று நான்கு பேரில் அவளும் ஒருத்தி. ‘பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, பணம் போவதற்குத்தான் தேவை’ என்ற ஒரு வரியை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஆசிரியரின் நேரம். பொறுப்பாசிரியருக்குச் சொந்தப் பாடமும் உண்டு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிகிற வேலையும் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கிற எந்தத் திட்டமும் டிசம்பருக்குள் நின்றுவிடும். இரண்டாவது, பிள்ளையின் வீட்டில் உள்ள விஷயம் நூலகத்துக்குள் வர முடிகிறதா என்பது. அம்மா சாப்பிடும் மாத்திரை, அப்பா வாங்கிய கடன், அண்ணன் போனில் இருக்கும் ஆப் போன்றவற்றைச் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மூன்றாவது, அப்படி உள்ளே வந்த விஷயம் வெளியே போகாமல் இருக்குமா என்பது. நான்காவது, சொல்லித் தந்த தகவல் எவ்வளவு சீக்கிரம் பழசாகும். ஐந்தாவது, இடமாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறிப் போனாலும் வேலை தொடருமா. பணச் செலவைக் கடைசியில் வைத்தால் போதும். நான்கு வழிகளுமே செலவு குறைந்தவைதான்.

நேரம் இல்லாதவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

| வழி | ஆசிரியர் நேரம் | வீட்டு விஷயம் வருமா | ரகசியம் | தகவல் பழசாவது | ஆசிரியர் மாறினால் |
|---|---|---|---|---|---|
| தனி அலமாரி | தொடக்கத்தில் மட்டும் | வராது | சிக்கல் இல்லை | சீக்கிரம் | அலமாரி இருக்கும், எடுப்பவர் இருக்க மாட்டார் |
| பாடமாக நடத்துவது | வாரம் 2–3 மணி | ஓரளவு | வகுப்பு நடுவில் கஷ்டம் | ஆசிரியரைப் பொறுத்தது | பெரும்பாலும் நின்றுவிடும் |
| வெளியாட்கள் | கடிதம், ஏற்பாடு | அரிதாக | வருபவரைப் பொறுத்தது | பழசாகாது | தீர்மானம் இருந்தால் தொடரும் |
| கேள்விப் பெட்டி | வாரம் 1 மணி | நன்றாக வரும் | கவனம் தேவை | தானாகப் புதுப்பிக்கும் | மாணவர் குழு இருந்தால் தொடரும் |

## தனி அலமாரி

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான், செய்வதற்கும் சுலபம். சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியம் பள்ளியின் வகுப்புகளைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வருகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். காசில்லாமல் கிடைப்பவையும் நிறைய உண்டு. சேமிப்பு பற்றிய ரிசர்வ் வங்கியின் ‘ராஜு’ படக்கதை, மோசடிகள் பற்றி 2022-இல் அவர்கள் வெளியிட்ட கையேடு எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. அச்செடுத்துத் தைத்து வைத்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது பீரோ. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. மோசடி பற்றிய கையேட்டைப் பூட்டி வைத்தால் அது யாருக்கும் பயன்படாது. இப்படிப்பட்ட தாள்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. அச்செடுத்த பிரதி தொலைந்தால் இன்னொன்று அச்செடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தகவல் பழசாவது. இணைய மோசடிப் புகாருக்கு 2021-இல் தேசிய அளவில் கொடுத்த எண் 155260. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதி நூலகச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்த எண் 1930 என்று மாறியது. எங்கள் சுவரில் மாறவில்லை. மேலே சொன்ன பெண் பணத்தை இழந்த அன்று, அந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் முதலில் போன் செய்தாள். சரியான எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும் என்பதுதான் 1930-இன் பயனே. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வங்கி முகவரிகளும் இப்படித்தான். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அதற்கு முன்பு அச்சான கையேட்டைப் படிக்கிற பிள்ளைக்குப் பழைய முகவரிதான் உண்மையானது. அலமாரி வைப்பதென்றால், ஒவ்வொரு தாளின் மூலையிலும் ‘சரிபார்த்த நாள்’ என்று பென்சிலில் எழுதி ஜூனிலும் ஜனவரியிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் தொலைபேசி எண்களைச் சுவரில் ஒட்டவே வேண்டாம்.

## பாடவேளையில் பாடமாக

நாற்பது நிமிடம், முப்பத்தைந்து பிள்ளைகள், ஓர் ஆசிரியர். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விஷயம் ஒரே நாளில் போய்ச் சேரும் என்பது இதன் பெரிய பலம். கூச்சப்பட்டு எதையும் கேட்காத பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருப்பான். பின் நம்பர் விஷயம், மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிப்பது, பார்வர்டு செய்தியை நம்புவதற்கு முன் வேறொரு இடத்தில் தேடிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் நான் இப்போதும் பாடமாகத்தான் நடத்துகிறேன். இவை எல்லோருக்கும் கட்டாயம் தெரிய வேண்டியவை.

பக்கத்துக் கேரளத்தில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதை ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே சேர்த்திருக்கிறார்கள். பாடநூலில் வந்துவிட்டால் ஆசிரியர் மாறினாலும் நிற்காது. அந்த ஏற்பாடு நம் நூலகப் பாடவேளைக்கு இல்லாததால் முழுச் சுமையும் ஒருவர் மேல்தான் விழுகிறது. ஒரு பாடவேளைக்கு நான் இரண்டு மணி நேரம் தயார் செய்ய வேண்டியிருந்தது. தமிழாசிரியரான எனக்கு வட்டிக் கணக்கும் தெரிய வேண்டும், ஆன்டிபயாடிக்கும் தெரிய வேண்டும்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. கடன் பற்றிப் பாடம் எடுத்த அன்று, “உங்கள் வீட்டில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. எல்லோருடைய வீட்டிலும் மகளிர் குழுக் கடன் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஒரு பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. பாடம் என்ற வடிவத்தில் பொதுவானதைச் சொல்லலாம், வீட்டுக் கதையைக் கேட்க முடியாது.

பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் வீடியோ போடுவதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். தயாரிப்பு நேரம் குறையும், மற்றபடி இதே நிறைகுறைதான்.

## வெளியிலிருந்து வருபவர்கள்

கிராம சுகாதார செவிலியர், வங்கிக் கிளை மேலாளர், சைபர் கிரைம் காவலர் என்று மூன்று தரப்பையும் கூப்பிடலாம். காசு செலவில்லை. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நடத்துகிற நிதிசார் கல்வி வாரத்தில் கடிதம் கொடுத்தால் வங்கியிலிருந்து ஆர்வமாகவே வருவார்கள். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடியும் தெளிவாக்கியது. மேலாளர் வாயால் இதைக் கேட்ட வாரத்தில் எங்கள் பிள்ளைகள் பதினோரு பேர் கணக்கு தொடங்கினார்கள். நான் சொல்லியிருந்தால் ஒருவர்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

மூன்று தரப்பில் நான் ஒருபோதும் விட மாட்டேன் என்றால் அது நர்ஸம்மாதான். வாரம் ஒரு நாள் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் பிள்ளைகள் வாங்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவார்கள். ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. நர்ஸம்மா வந்து பதினைந்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, அதைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். “அது ஒன்றுமில்லை கண்ணு, இரும்பு வெளியே போகிற நிறம். வெறும் வயிற்றில் போடாதே, போட்டவுடனே டீ குடிக்காதே, அவ்வளவுதான்” என்றார். ஓர் ஆண் ஆசிரியரிடம் அந்தக் கேள்வி என்றைக்குமே வந்திருக்காது. அந்தக் கூட்டத்தை நூலகத்தில் வைத்ததும் நல்லதாகப் போயிற்று. தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறை பெஞ்சில் வராத பேச்சு அங்கே வந்தது. இப்படி ஒரு கூட்டம் பையன்களுக்கும் வேண்டும். மாதவிடாய் பற்றி அவர்களும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

குறை என்னவென்றால், ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் இது நடக்கும். பிள்ளைக்குக் கேள்வி வருகிற நாளில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அப்புறம், வருபவர் சிலர் விற்கவும் வருவார்கள். ஒரு முறை நிதி நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர், சேமிப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் பெற்றோரின் போன் எண் எழுதச் சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார். பிள்ளைகள் பாதிப் பேர் எழுதியும் விட்டார்கள். தாள்களை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் அழைப்புக் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: எந்தப் படிவமும் கொடுக்கக் கூடாது, எந்த நிறுவனத்தின் திட்டத்தையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கக் கூடாது.

## கேள்விப் பெட்டி

நான் இப்போது அதிகம் நம்புவது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, பக்கத்தில் துண்டுத் தாள்கள். பெயர் எழுத வேண்டாம். பணம், போன், மருந்து பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை, கடன் தவணை குறிக்கிற அட்டை ஆகியவற்றில் இருப்பதைப் பெயரை விட்டுவிட்டு எழுதியும் போடலாம். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறப்பேன். எட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு பேர் கொண்ட ஒரு குழு பதில் தேடும். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பதிலையும் இரண்டு இடங்களிலாவது சரிபார்க்க வேண்டும், எங்கே பார்த்தோம் என்பதை அட்டையில் எழுத வேண்டும். அந்த அட்டைகளை வரிசை எண் போட்டு ஒரு பெட்டியில் அடுக்குகிறோம். இப்போது 140 அட்டைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

ஒரு துண்டில் இப்படி இருந்தது: “தண்டல்காரரிடம் 10,000 வாங்கினால் கையில் 8,500தான் தருகிறார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இது எத்தனை வட்டி?” குழுவில் ஒரு பையன் 15 சதவீதம் என்றான். கணக்கு ஆசிரியரிடம் போனார்கள். கையில் வந்தது 8,500தான், அதையும் முழு நூறு நாள் வைத்திருக்கவில்லை, தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம் என்று அவர் பலகையில் போட்டுக் காட்டினார். ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 120 சதவீதம். அடுத்த துண்டு ‘அஞ்சு வட்டி’ பற்றி. நூறுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் என்ன வட்டி என்று குழுவே போய்க் கேட்டு எழுதி வந்தது. யாருடைய வீட்டுக் கடன் என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த அட்டையைத்தான் பிள்ளைகள் மிக அதிகமாக எடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கடையில் ‘ஓ.ஆர்.எஸ்.’ (உப்புச் சர்க்கரைக் கரைசல்) என்று கேட்டு வாங்கிய டெட்ரா பேக் பானம். உறையைக் கத்தரித்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். குழு சர்க்கரை அளவைப் படித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் பொட்டலத்தின் அளவோடு ஒப்பிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மொத்தப் பொடி 20.5 கிராம். பானத்தில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. 2025 அக்டோபரில் இப்படிப்பட்ட பானங்கள் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டபோது, குழுப் பிள்ளைகள் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பழைய அட்டையில் அந்தச் செய்தியையும் தேதியையும் சேர்த்து எழுதினார்கள். தகவல் தானாகப் புதுப்பிக்கும் என்று பட்டியலில் சொன்னது இதைத்தான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. வீட்டில் தண்டல் கட்டுகிற பிள்ளைக்கு உரிய நூலை யாரும் அச்சிடவில்லை. அதனால் பிள்ளைகளே எழுதிக்கொள்கிறார்கள்.

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு, அது பெரியது. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் பெட்டியை நான் மட்டும்தான் திறப்பேன். கேள்விகளை என் கையால் மாற்றி எழுதி, பிறகுதான் குழுவிடம் தருவேன். இரண்டாவது, பெயரில்லாத பெட்டி என்றால் ஒரு நாள் வேறு மாதிரித் துண்டும் வரும். யாரோ தொந்தரவு செய்கிறார்கள், போட்டோ கேட்டு மிரட்டுகிறார்கள் என்று வரலாம். எங்களுக்கு இரண்டு முறை வந்தது. போக்சோ சட்டம் 2012-இன்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘ரகசியமாக வைப்பேன்’ என்று பிள்ளைகளிடம் முழு வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன்’ என்று பெட்டியின் மேலேயே எழுதி, பக்கத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் போட்டுவிடுங்கள். இதற்குத் தயாராக இல்லாத ஆசிரியர் பெட்டியை வைக்க வேண்டாம். திறக்காமல் விட்ட பெட்டி பிள்ளைக்குச் செய்கிற துரோகம்.

மருந்துக் கேள்விகளுக்கு எல்லைக் கோடு ஒன்று வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, காலாவதித் தேதி எங்கே இருக்கும், இவையெல்லாம் குழு சொல்லலாம். ‘அம்மா இந்த மாத்திரையை நிறுத்தலாமா’ என்று வந்தால் குழுவுக்குப் போகாது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கச் சொல்லி அட்டை எழுதுவோம், அல்லது நர்ஸம்மாவிடம் கேட்போம்.

## உங்கள் பள்ளிக்கு எது

ஆறு முதல் பத்து வரை உள்ள பள்ளி, பொறுப்பாசிரியர் ஒருவர், வாரம் ஒரு பாடவேளை. நிலைமை இதுவென்றால், கேள்விப் பெட்டியை நடுவில் வைத்து, ஆண்டுக்கு மூன்றே மூன்று பாடங்களை எல்லோருக்கும் நடத்தி, நர்ஸம்மாவைப் பருவத்துக்கு ஒரு முறை கூப்பிடுங்கள். நாங்கள் செய்வது இதுதான்.

இந்த ஆண்டுதான் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது என்றால் பெட்டி வேண்டாம். துண்டு விழாது. முதல் ஆண்டு பாடமாக நடத்துங்கள். நீங்கள் சிரிக்காமல் பதில் சொல்கிற ஆள் என்று தெரிந்த பிறகு பெட்டியை வையுங்கள். அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கேட்கப் போகிறவர்கள், வெளியாட்கள் ஏற்பாட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள். தீர்மானம் இருந்தால் அடுத்து வருபவர் கடிதம் அனுப்பியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிச் சொல்லித் தரச் சுகாதாரத் தூதர்களாகப் பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சியிலேயே பாதுகாப்பான இணையப் பயன்பாடும் ஒரு தலைப்பு.

இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளிக்கு அலமாரிதான். சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதையும் உண்டியலும் கை கழுவும் படமும் போதும். ஆனால் பீரோவில் வைக்காதீர்கள். ஜன்னலோரம் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டித் தொங்க விடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில்.